பெரியம்மா பேரில் எடுத்த லீவு

கொழும்பு விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தவர்கள் இப்படி உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிச் சுவரை ஒட்டிப் பூங்கொடி. நடைபாதை ஓரம் அவள் கணவன் மாரிசாமி. இருவருக்கும் நடுவில் ஒரு காலி நாற்காலி. அதில் கைப்பையை வைக்கப் போனவளை, ஏனென்று தெரியாமலே தடுத்து, பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டான் மாரிசாமி.

எதிரே டீக்கடை. கடைக்காரர் தமிழர்.

"மூண்டு தேத்தண்ணியோ?" என்றார்.

"ரெண்டுதாங்க."

"அப்ப அம்மா குடிக்க மாட்டாவோ?"

மாரிசாமி திரும்பிப் பார்த்தான். நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

"என்னியத்தான் அம்மாங்கறாரு. ஜோடிக்குன்னு குலுக்கல்ல விழுந்த டூரு, நான் உனக்கு அம்மா மாதிரியா இருக்கேன்?" என்று பூங்கொடி சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. டீ வாசனைக்கு நடுவே பழுத்த கொய்யாவின் வாசம் வந்துகொண்டிருந்தது.

ஓசூர் துணிக்கடையின் ஆடிக் குலுக்கலில் பாங்காக் பயணம் விழுந்தது, மாரிசாமியின் கம்பெனியில் ஏற்றுமதி வேலை தலைக்கு மேல் இருந்த நேரத்தில். அப்போது சாவுக்குத் தவிர லீவு கிடையாது. பெற்ற அம்மா ஊத்தங்கரையில் நல்லபடியாக இருக்கிறாள்; அவளைச் சாகடிக்க நாக்கு வரவில்லை. அதனால் இல்லாத ஒரு பெரியம்மாவை உண்டாக்கினான். பெயர் சரோஜம்மாள்.

"புள்ள இல்லாதவங்க சார். கொள்ளி நான்தான் வைக்கணும்," என்று மேலாளர் கௌதமிடம் சொன்னபோது குரல் தானாகவே தழுதழுத்தது. கௌதம் எழுந்து வந்து அவன் தோளைத் தொட்டார்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. பக்கத்து மிஷினில் நிற்கும் சுடலைமுத்து, திருநெல்வேலிக்காரர், விடவில்லை. "எலே மாரி, பெரியம்மா போட்டோ ஒண்ணு அனுப்புடே. கேட்டுல ப்ளெக்ஸ் கட்டணும். நாங்க இத்தன பேரு இருக்கோம், சும்மா விட்டா நல்லாருக்காது."

மாரிசாமி போனைத் துழாவினான். ஊத்தங்கரை பஸ்ஸில் பூங்கொடி எடுத்த செல்ஃபியில், அவள் பக்கத்து சீட்டில் தலை வெளுத்த ஒரு அம்மாள் இருந்தாள். யாரென்று தெரியாது. மடியிலிருந்த துணிப்பையிலிருந்து கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தவள். இறங்கும்போது அவன் தலையில் விரல்களை விட்டுக் கோதி, "எம் மவனுக்கும் இப்பிடித்தான் சுருட்ட முடி இருந்துச்சு. நல்லா இரு சாமி," என்றவள். பூங்கொடியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த முகத்தை மட்டும் அனுப்பினான். மறுநாள் காலையிலேயே கம்பெனி கேட்டில் 'கண்ணீர் அஞ்சலி' என்று அந்த முகம் சிரித்தது.

கொள்ளி வைத்தவன் தலைமுடியோடு வேலைக்குத் திரும்ப முடியாது. "வரும்போது பெங்களூர்லயே மொட்ட போட்டுக்கலாம்," என்று பூங்கொடிதான் யோசனை சொன்னாள்.

பாங்காக் விமானத்திலும் மூன்று இருக்கைகள். நடுவில் யாரும் வரவில்லை. மேகத்தின் மேல் வெயில் பளிச்சென்று அடித்தது. மாரிசாமி கண்ணை மூடினான்.

தலையில் விரல்கள் நுழைந்தன.

மெதுவாக, சிக்கெடுப்பதுபோல, நெற்றியிலிருந்து பிடரிவரை.

"விடு பூங்கொடி, எல்லாரும் பாக்கறாங்க."

கண்ணைத் திறந்தான். பூங்கொடி ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் போர்வைக்குள் இருந்தன.

விரல்கள் நிற்கவில்லை.

மறுநாள் ஓட்டல் அறையில் விழித்தபோது, தலையணை ஓரத்தில் ஒரு முடி உருண்டை இருந்தது. பெண்கள் தலைவாரி முடித்ததும் சீப்பில் வந்ததைச் சுருட்டி வைப்பார்களே, அப்படி. எல்லாம் அவனுடைய சுருட்டை முடி. அறை முழுக்கக் கொய்யா வாசம். சாப்பிடப் போனால், பரிமாறும் பெண் கேட்காமலே மூன்று தட்டு வைத்தாள்.

அடுத்த நாள் காலை இன்னும் பெரிய உருண்டை. அதற்கடுத்த நாள் கண்ணாடி முன்னால் நின்றபோது, கத்தி படாத தலை குழந்தைத் தலைபோல வழுவழுவென்று இருந்தது.

பூங்கொடி அழுதாள். "ஊருக்குப் போயிடலாம் வா. போயி உண்மையச் சொல்லிடு."

"என்னான்னு சொல்றது? எந்த மூஞ்சிய வெச்சிகினு சொல்றது?"

ஓசூர் திரும்பி, சொல்லும் தைரியம் இல்லாமலே வேலைக்குப் போனான். ப்ளெக்ஸில் இருந்த மாலை வாடாமல் இருந்தது. எதிரே வந்தவர்கள் அவன் மொட்டைத் தலையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்கள். காவலாளி எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொருவர் மரியாதையும் அவனைக் கூசச் செய்தது.

சுடலைமுத்து மட்டும் அருகில் வரவில்லை. டீ நேரத்தில் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் கூட்டிப் போனார்.

"நேத்து ஒரு பஸ் கண்டக்டர் ப்ளெக்ஸப் பாத்துட்டு வந்தாருடே. ப்ளெக்ஸ் கட்டுன அன்னைக்குக் காலையில, இந்தம்மா அவரு பஸ்ல உக்காந்தவாக்குல போயிட்டாவளாம். கேக்க நாதியில்லாம கிருஷ்ணகிரி பிணவறையில கெடக்கு. 'நல்லவேளை, மகன் இருக்காரு'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு." அவர் அவன் பக்கம் திரும்பினார். "அப்ப நீ யாருக்குடே கொள்ளி வச்ச?"

மாரிசாமியின் கண் தரையைவிட்டு எழவில்லை.

"அவங்க யாருன்னே தெரியாதுண்ணே. டூரு போக லீவுக்குச் சொன்னேன்."

"இதுல மொட்ட வேற போட்டுட்டு வந்து நிக்க."

"நான் போடலண்ணே."

சுடலைமுத்து அவன் தலையை உற்றுப் பார்த்தார். ஓரடி பின்னால் நகர்ந்தார். பிறகு கண்டக்டர் விட்டுப்போன துணிப்பையை நீட்டினார். உள்ளே கொய்யாப்பழங்கள். ஒன்றுகூட அழுகவில்லை.

அன்று மாலையே வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து மாரிசாமி கடிதம் எழுதினான். அந்த ஓரம் பூங்கொடி, இந்த ஓரம் அவன். நடுவில் இருவருமே இடம் விட்டிருந்தார்கள். பொய் சொல்லி லீவு எடுத்தது, முன்பின் தெரியாதவர் முகத்தைக் கொடுத்தது, என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்பது, எல்லாம் ஒழுங்காக எழுதினான். கடைசி வரிக்கு மட்டும் கை நின்றது. முன்பு சொன்ன அதே வரிதான். 'என் பெரியம்மா காலமாகிவிட்டார். கொள்ளி நான்தான் வைக்க வேண்டும். விடுப்பு அளிக்கவும்.'

"பேரு என்னான்னு எழுதுன?" என்றாள் பூங்கொடி.

"தெரியாதே."

உறையில் பசை தடவி மடித்து அழுத்தினான். தெருவில் காத்திருந்த சுடலைமுத்து வந்து கை நீட்டினார். "குடு. காலையில கௌதம் சார்ட்ட நானே குடுத்துருதேன். குடுத்த கையோட கிருஷ்ணகிரிக்கு நானும் வாரேன்."

கொடுக்கும்போதுதான் பார்த்தான். ஒட்டிய வாயில் ஒரு முடி சிக்கியிருந்தது. பாதி உள்ளே, பாதி வெளியே. அவன் தலையில் முடியே இல்லை. பூங்கொடியுடையது கருகரு முடி.

இது நீளமாக, வெள்ளை வெளேரென்று இருந்தது.

இழுத்துப் பார்த்தான். வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

சுடலைமுத்து உறையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.