ஆணியில் தொங்கிய மோதிரம்

பழைய டெலிபோன் கட்டடத்தோட கீழ்த்தளம். பட்டப்பகல்லயும் அங்கே டியூப்லைட் வேணும். படியிறங்கும்போதே அமில வாடை மூக்கில் ஏறும். பேட்டரி ரூம் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. வாட்ச், செயின், மோதிரம் எல்லாத்தையும் அதில் மாட்டிட்டுத்தான் உள்ளே போகணும். மெயினை அணைச்சாலும் பேட்டரி அணையாது. கையில் குண்டுமணித் தங்கம் இருந்து, அது ரெண்டு முனையைத் தொட்டா ஆளே காலி.

சுருட்டை அப்படித்தான் போனான்.

என் கூட்டாளி. நான் ஆசைப்பட்டவளைக் கட்டிக்கிட்டவன். கல்யாணமாகிப் பத்தாம் நாள், அவ போட்டுவிட்ட நெளி மோதிரத்தைத் தடவிக்கிட்டே உள்ளே போனான். பார்த்துட்டுத்தான் இருந்தேன். "கழட்டுடா"ன்னு ஒரு வார்த்தை போதும். வயித்தெரிச்சல், வாயைத் திறக்கலை. சாகணும்னு நினைக்கலை, சத்தியமா. லேசா சுட்டுக்கட்டும்னுதான் நினைச்சேன்.

மோதிரம் விரலோட ஒட்டிப்போச்சு. அப்படியே புதைச்சாங்க.

மூணு வருஷம் கழிச்சு அவளை நான் கட்டிக்கிட்டேன். அப்பவும் பொறாமை தீரலை. அவன் சட்டை ஒண்ணு இன்னும் அலமாரியில் இருக்கு.

"போனவரோட என்னங்க போட்டி?"ன்னு சிரிப்பா.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், என் பட்டை மோதிரத்தைக் கழட்டி ஆணியில் மாட்டினேன். ரப்பர் கையுறை போட்டுக்கிட்டு ஒவ்வொரு நட்டா முறுக்கிட்டு வந்தேன். மூணாவது வரிசையில் தலைமுடி கருகின வாடை.

கையுறைக்குள்ளே மோதிர விரல் இறுகிச்சு.

வேலைக்கு நடுவுல கையுறையைக் கழட்டக் கூடாது. கழட்டினேன்.

விரல்ல மோதிரம். பட்டை இல்லை, நெளி.

யாரோ என் மணிக்கட்டைப் பிடிச்சுக் கீழே அழுத்தினாங்க.

கண் முழிச்சப்போ ஆஸ்பத்திரி. விரலை எடுத்துட்டாங்க. சூப்பர்வைசர் என் பட்டை மோதிரத்தை மேசையில் வெச்சார்.

"இது ஆணியிலயே இருந்துச்சு. அப்புறம் எப்படிப்பா?"

நர்ஸ் ஒரு கிண்ணத்தை நீட்டினாங்க, விரல்ல இருந்து எடுத்ததுன்னு. கருகின நெளி மோதிரம்.

என் மனைவி அதையே பார்த்துட்டிருந்தா.

"அன்னிக்கு அவர் உள்ளே போறப்போ நீங்க எங்கே இருந்தீங்க?" மெதுவாத்தான் கேட்டா.

பக்கத்துலயே இருந்தேன், மோதிரத்தைப் பார்த்தும் சொல்லலைன்னு ஒத்துக்கிட்டேன்.

அவ மோதிரத்தை எடுத்துத் தன் விரல்ல போட்டுக்கிட்டா. நாலு நாளாச்சு, கழட்டலை. நேத்து நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். என் விரல் நுனி கொப்புளமாயிடுச்சு.

அவளுக்குச் சுடலையாம்.