சாந்து சீக்கிரம் காயும் ஊர்

அண்ணனும் தம்பியும் பேருந்தை விட்டு இறங்கியதும், அழைத்துப்போக வந்திருந்த நிஸ்டோர் மேஸ்திரி கைகொடுக்கக்கூட நிற்கவில்லை. நேராகத் தம்பி பின்டிலியேவுக்குப் பின்னால் போனான். ஒரு முட்டியை மடக்கிக் குனிந்து, பூட்ஸ் நாடா கட்டுகிறவனைப் போலத் தரையோடு கையை ஓட்டினான். எழுந்தபோது எதையோ சுருட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். அவன் காலில் கிடந்ததோ ரப்பர் செருப்பு.

அண்ணன் டோடெர் அதைப் பார்த்தான். என்னவென்று கேட்க நினைத்தான். ஆனால் இரண்டு நாள் உட்கார்ந்தே வந்த உடம்பு, அதோடு இந்த வெளிச்சம். தன் ஊர் மாராமுரேஷ் மலையில் பாதி வருஷம் மூடுபனிக்குள் சுவர் கட்டினவனுக்கு இப்படி ஒரு வெளிச்சம் இருக்கும் என்றே தெரியாது. காலை பத்து மணிக்கே வெள்ளைச் சுவர்கள் கண்ணுக்குள் ஊசியாக இறங்கின. வறுத்த மீன் வாசனையும் சாக்கடை வாசனையும் மல்லிகை வாசனையும் ஒரே காற்றில் கலந்து வந்தன. தரையில் கிடந்த நிழல்களோ, கத்தியால் வெட்டிப் போட்ட கறுப்புத் துணிபோல ஓரம் பிசிறாமல் கிடந்தன. ஊரில் மனுஷனுக்கு நிழல் உண்டு என்பதே சில மாதம் மறந்துபோகும்.

"வாங்கடா மலைக்காட்டுப் பயலுகளா!" என்றான் நிஸ்டோர். சூரியகாந்தி விதையைக் கடித்து உமியைத் துப்பினான். "செவில்யாவுல பனி விக்கிறதில்ல. வெயிலு மட்டும் ஓசி, அள்ளிக்கங்க."

"மேஸ்திரி, இந்த ஊர்ல சூரியனுக்கு மூடியே போடமாட்டாங்களா?" என்று பின்டிலியே சிரித்தான்.

"ரெண்டு மணிக்கு நீயே போடுவ, ஜன்னலுக்கு."

பின்டிலியேவுக்கு இருபத்து மூன்று வயது. ஊரைத் தாண்டினதே இல்லை. டோடெர்தான் வற்புறுத்தி அழைத்து வந்தான். பேருந்து ஏறும்போது தம்பி பெண்டாட்டி ருக்சாந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஆறு மாசம். "கூட்டிட்டுப் போறது நீங்க மாமா. திருப்பிக் கூட்டிட்டு வரவேண்டியதும் நீங்கதான்," என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் இவ்வளவு கனத்திருக்காது.

வேலை ஒரு பழைய மூன்றுமாடி வீட்டில். நடுவே முற்றம். முற்றத்தின் பின்சுவர் இடிந்து கிடந்தது, புதிதாக இடுப்புயரம் எழும்பியிருந்தது. தங்குவதற்கு அதே வீட்டின் முதல்மாடி அறை. உள்ளூர் ஆட்கள் நாலு பேர், சிரித்த முகம்தான். ஆனால் ஒருவனும் அந்தச் சுவர்ப் பக்கம் முதுகைக் காட்டி நிற்கவில்லை. அதையும் டோடெர் பார்த்தான்.

இரண்டு மணிக்கு ஊர் செத்துப்போனது.

வேறெப்படிச் சொல்வது? தெரு நெடுகிலும் ஜன்னல் மறைப்புகள் சடசடவென்று இறங்கின. கடைக்காரர்கள் கதவை இழுத்தார்கள், உள்ளூர் ஆட்கள் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், நாய்கள்கூட எங்கேயோ நுழைந்துகொண்டன. ஏழு லட்சம் பேர் இருக்கிற ஊரில் ஒரு இருமல் சத்தம் இல்லை. ஐந்து மணிவரைக்கும் இப்படித்தான் என்று நிஸ்டோர் சொல்லியிருந்தான். அவன் ஊரில் இருட்டினால்தான் பயம். இங்கே பட்டப்பகலை அடைத்துச் சாத்தி வைத்திருந்தார்கள். டோடெர் இருண்ட அறையில் பாயில் படுத்து, கூரையில் ஓடும் வெளிச்சக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கீழே முற்றத்தில் சாந்து பூசும் கரணை செங்கல்லை உரசும் சத்தம் கேட்டது. சரக். பிறகு தட்டும் சத்தம். சரக். தட்டு.

இந்த நேரத்தில் யார் வேலை செய்கிறார்கள்?

இறங்கிப் போனான். நிஸ்டோர் தனியாகக் கட்டிக்கொண்டிருந்தான். சட்டை இல்லை. முதுகு நனைந்து மின்னியது.

"தூக்கம் வரல," என்றான் திரும்பாமலே. "நீ போய்ப் படு. புது ஆளு, வெயிலு மண்டையில ஏறிரும்."

அதற்குள் சுவர் நெஞ்சுயரம் வந்திருந்தது; மேல்வரிசையில் இரண்டு செங்கல்லுக்கு நடுவே சிவப்புக் கம்பளி நூல் ஒன்று நகத்தளவு நீட்டிக்கொண்டிருந்தது. டோடெர் கையை நீட்டுவதற்குள் நிஸ்டோர் அதன்மேல் ஒரு கரணை சாந்தை அப்பி வழித்துவிட்டான்.

மலைநாட்டுக் கொத்தனார் எவனுக்கும் இதைச் சொல்லித் தரவேண்டாம். நிற்காத சுவருக்கு ஒரு நிழலைக் கொடுப்பார்கள். ஆள் அறியாமல் அவன் நிழலை நூலால் அளந்து, அந்த நூலைச் சுவருக்குள் வைத்துக் கட்டிவிட்டால் சுவர் நிற்கும், ஆள் நாற்பது நாள் தாண்டமாட்டான். ஒரே ஒரு வழி உண்டு. சாந்து ஈரமாக இருக்கும்போதே நூலை உருவிவிட வேண்டும். இறுகிவிட்டால் சுவர் வேறு, ஆள் வேறு இல்லை.

இதெல்லாம் ஊரோடு போயிற்று என்று டோடெர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். கொத்தனாரிடம் நூல் இல்லாமல் இருக்குமா? மட்டம் பிடித்த நூலாக இருக்கும். வந்த அன்றைக்கே மேஸ்திரியின் சுவரில் கைவைப்பதா? அப்படியே இருந்தாலும் சுண்ணாம்புச் சாந்து இறுக ஒரு வாரம் ஆகும். எத்தனை சுவர் கட்டியிருக்கிறான், அவனுக்குத் தெரியாதா? ஒரு வாரம் இருக்கிறது.

மறுநாள் காலையில் பின்டிலியே சாந்துச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு மார்பைத் தடவினான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லண்ணே. யாரோ நெஞ்சு மேல ஏறி உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு. நீ ராத்திரி பன்னிக்கொழுப்ப என் பங்கும் சேத்துத் தின்னியே, அந்தப் பாவம் என்னப் புடிச்சிருச்சு போல."

சிரித்தான். சிரிப்பு பாதியில் அறுந்தது. டோடெரின் கண் தரைக்குப் போனது. தன் நிழல் கறுப்பாகக் கிடந்தது. உள்ளூர் ஆட்களின் நிழல்கள் கறுப்பாக நடமாடின. தம்பியின் நிழல் மட்டும் பலமுறை துவைத்த வேட்டிபோல வெளுத்திருந்தது. அதன் வழியே தரைக்கற்களின் இடுக்கு, ஒரு எறும்பு, எல்லாம் தெரிந்தன.

சாயங்காலம் நிஸ்டோரை மடக்கினான்.

"நேத்து சுவத்துக்குள்ள என்ன மேஸ்திரி வெச்ச?"

நிஸ்டோர் உமியைத் துப்பினான். "செங்கல்லு."

"நூலு பாத்தேன்."

"டேய், ஊர்க் கதையெல்லாம் பஸ்ஸுலயே விட்டுட்டு வரணும். இங்க அதுக்கெல்லாம் விசா கிடைக்காது." வாய்தான் சிரித்தது. அன்று இரவு அவன் அறைக்குப் போகவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, மடியில் சுத்தியலை வைத்துக்கொண்டு முற்றத்திலேயே படுத்தான்.

"ஊருக்குப் போயிடலாமாடா?" என்று டோடெர் தம்பியிடம் கேட்டான்.

"பைத்தியமாண்ணே உனக்கு? வந்த கால் தூசியே இன்னும் போகல." மூச்சு வாங்கியது. "ருக்சாந்தா சிரிப்பா."

போயும் என்ன ஆகப்போகிறது? நூல் இங்கேதானே இருக்கும். டோடெர் இரவெல்லாம் விரல்விட்டு எண்ணினான். ஞாயிற்றுக்கிழமைவரை ஈரம் இருக்கும். நிஸ்டோர் எப்போதாவது தூங்கித்தானே ஆகவேண்டும்.

மூன்றாம் நாள் இரண்டு மணி. மறைப்புகள் இறங்கின. ஊர் செத்தது. பின்டிலியே சட்டையைக் காயப்போட முற்றத்தைக் கடந்தான். உச்சி வெயில் நேராக அவன் மேல் கொட்டியது. சட்டைக்கு நிழல் இருந்தது. கொடிக்கயிற்றுக்கு நிழல் இருந்தது.

அவனுக்கு இல்லை.

காலடியில் வெறும் கல். வெள்ளையாக.

"மேல போய்ப் படுடா," என்றான் டோடெர். தம்பி சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியேறிப் போனான். டோடெர் மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்தான்.

சுவரடியில் உட்கார்ந்திருந்த நிஸ்டோர் எழுந்து நின்றான். இடதுகையில் சுத்தியல், வலதுகையில் கரணை. "கிட்ட வராத."

"தள்ளு."

"ஏழு தடவ விழுந்துச்சுடா இந்தச் சுவரு. ஏழாவது தடவ அடியில இருந்தது எம் மச்சான். இந்தக் கையாலதான் தோண்டி எடுத்தேன். பாதி ஆளுதான் கெடச்சான். மறுபடி விழுந்தா நாலு பேரு போவான். இவன் ஒருத்தன்."

"அவன் என் தம்பி."

"எல்லாரும் எவனுக்காவது தம்பிதான்."

டோடெர் பாய்ந்தான். கரணையின் முனை அவன் கன்னத்தைக் காதுவரை கிழித்தது. வலிக்கவில்லை. கடப்பாரையின் கட்டைப் பக்கத்தால் நிஸ்டோரின் முட்டியில் அடித்தான். காய்ந்த விறகு ஒடிகிற சத்தம். விழுந்தவனின் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கி ஓங்கினான். நிஸ்டோர் கையை உயர்த்தித் தடுத்தான். "கேளுடா... இப்ப இடிக்காத... இப்ப அது..." என்றான். டோடெர் மேலே சொல்ல விடவில்லை. ஒன்று. இரண்டு. மூன்றாவது அடியில் சுத்தியல் திரும்பி வரத் தயங்கியது. பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. ரத்தமும் சதையும் உடைத்த பூசணிக்காய்போலச் சிதறி, பக்கத்தில் ஈரச்சாக்கு மூடிக் கிடந்த சாந்துச் சட்டிவரை தெறித்தது.

ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு மறைப்பும் தூக்கப்படவில்லை.

கடப்பாரையை நெஞ்சுயரத்தில் வைத்துக் குத்தினான். ணங் என்றது. ஈரச் சாந்து அப்படிச் சத்தம் போடாது. மறுபடி குத்தினான். தீப்பொறி பறந்தது. மேலே அறையில் என்னமோ கனமாக விழுந்தது. கட்டிலாக இருக்கும் என்று நினைத்தான். அந்த அறையில் கட்டில் இல்லை, பாய்தான். அது அப்போது நினைவுக்கு வரவில்லை. மூன்றாவது குத்து. ஒரு செங்கல் பிளந்து தூளாகிக் கொட்டியது. எங்கேயோ ஒரு அலறல். நான்காவது. ஐந்தாவது. செங்கற்கள் பெயர்ந்து காலடியில் விழுந்தன. அவற்றில் ஒட்டியிருந்த சாந்தை விரலால் கிள்ளினான்.

நகம்தான் ஒடிந்தது.

கல்லாக இருந்தது. உள்வரைக்கும். அடிவரைக்கும். வாட்டி எடுத்த ரொட்டிபோல வறண்டு. மூன்றே நாளில். இந்த வெயிலில்.

ஒரு வாரம் என்று எண்ணினானே. எந்த ஊர் வாரம்?

ஓட்டைக்குள் கைவிட்டு நூலைப் பிடித்து இழுத்தான். வந்தது. சுற்றிலும் எல்லாம் காய்ந்திருக்க, நூல் மட்டும் நனைந்திருந்தது. சூடாக. பிசுபிசுவென்று.

"அண்ணே."

படிக்கட்டில் பின்டிலியே. நடந்து வரவில்லை, வழுக்கிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு படியாக. ஒவ்வொரு படியிலும் சிவப்பு. முற்றத்துக்கு வந்து மல்லாந்து விழுந்தான். மார்பில் சட்டை இல்லை. மார்பும் இல்லை. நடுவே ஒரு பள்ளம், செங்கல் செங்கலாக எடுத்த பள்ளம், ஓரமெல்லாம் நேர்கோடு. விலா எலும்புகளின் முனைகள் வெள்ளையாக. உள்ளே என்னமோ துடித்துக்கொண்டிருந்தது, வெயில் பட்டு.

"எடுக்காதண்ணே," என்றான். வாயில் நுரை. "திருப்பி வெய்யி."

டோடெர் நூலைக் கீழே போட்டான். சாக்கை விலக்கினான். சாந்தின் மேல் நிஸ்டோரின் ரத்தம் தேங்கியிருந்தது. அப்படியே கிளறினான். கையால் அள்ளி அப்பினான். ஒரு செங்கல்லை வைத்தான். பின்னால் தம்பி ஒரு மூச்சை இழுத்தான். இன்னொன்று. இன்னொரு மூச்சு. இருபது வருஷம் கட்டினவன் கை மட்டம் தப்பவில்லை. மூன்றாவது. நான்காவது. தம்பி மார்பின் பள்ளம் மூடிக்கொண்டே வந்தது, தோல் இல்லாமல், சாம்பல் நிறத்தில் எதுவோ.

ஒரு செங்கல் குறைந்தது. தூளாகிப்போனது அது.

செங்கல் அடுக்கு தெருவில் இருந்தது. பத்தடி தூரம். ஓடலாம். ஒரு அடி எடுத்துவைத்தான்.

தம்பியின் மூச்சு நின்றது.

சட்டென்று திரும்பி, யோசிக்காமல், மீதியிருந்த ஓட்டைக்குள் தன் வலதுகையைத் தோள்வரைக்கும் செருகினான். சுற்றிலும் இருந்த இடுக்கில் இடதுகையால் சாந்தை அடைத்தான்.

தம்பி மூச்சுவிட்டான்.

டோடெர் கன்னத்தைச் சுவரில் ஒட்டி நின்றான். வெயில் முதுகில். சாந்து கையைச் சுற்றி இறுகுவது தெரிந்தது, முதலில் முழங்கை, பிறகு மேல்கை. கிழிந்த கன்னத்திலிருந்து வழிந்தது சுவரில் பட்டதும் காய்ந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தெருவில் முதல் மறைப்பு சடசடவென்று மேலே போனது. பிறகு இன்னொன்று. காப்பி வாசனை. யாரோ ஒரு பெண் உரக்கச் சிரித்தாள். வாசல் கதவை உள்ளூர் ஆட்கள் தட்டினார்கள். "நிஸ்டோர்! திற!"

அவன் அசையவில்லை. அசைய முடியவுமில்லை. தம்பி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான், அது போதும்.

அப்போது சுவருக்குள்ளே, அவன் விரல்களுக்கு நடுவே, ஐந்து விரல்கள் நுழைந்து மெதுவாகக் கோத்துக்கொண்டன. பிறகு இழுத்தன.

தம்பியின் இரண்டு கைகளும் வெளியே வெயிலில், உள்ளங்கை வானத்தைப் பார்க்க, அசையாமல் கிடந்தன.