துகளில் விழாத குழி

லேசர் சுட்ட இடத்தில் குழி இல்லை.

அவள் கேமராத் திரையை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள். தலைமுடியின் தடிமன்கூட இல்லாத அந்த விண்கல் துகள் ஒரு கீறலுமின்றிக் கறுப்பாக உட்கார்ந்திருந்தது. லேசர் பட்டால் கல் துளியூண்டு ஆவியாகும். அந்த ஆவியைக் குழாய் வழியே இழுத்து, அதிலுள்ள இரும்பு அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணுவது பக்கத்து இயந்திரத்தின் வேலை. அது எண்ணியும் முடித்துவிட்டது. குறையாத கல்லிலிருந்து எதை எண்ணியது?

விடுமுறை நாள். ஜன்னலில்லாத அடித்தள ஆய்வகத்தில் பம்புகளின் முனகலும், சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும், அவளும்தான். அங்கே ஆள் சூடு கண்டால் எரியும் விளக்குகள். அசையாமல் இருந்தால் அணைந்துவிடும். அவ்வப்போது கையை ஆட்டி, தான் இருப்பதை அவற்றுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது.

போன் அடித்தது. தம்பி. பல வருட மனஸ்தாபத்துக்குப் பிறகு இன்றுதான் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தான்.

"அக்கா, கிளம்பிட்டியா? பசங்க வாசல்லயே நிக்குதுங்க."

"ஒரே ஒரு துகள்டா. முடிச்சிட்டு ஓடி வந்துடறேன்."

"எப்பவும் இதேதான் சொல்றே. அந்தக் கல்லையே கட்டிக்கிட்டு அழு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்றது. காலையில் இதே துகளை ஊசிமுனையால் எடுத்து வைக்கும்போது, "உனக்கும் யாருமில்லையா? நான் இருக்கேன்" என்று கொஞ்சியிருந்தாள். இப்போது நினைக்க வெட்கமாக இருந்தது.

எண்களைப் பார்த்தாள். உடம்பு எடை குறைந்த இரும்பையே தேடி எடுத்துக்கொள்ளும். அதனால் மனித ரத்தத்தின் இரும்புக் கணக்கு எந்தக் கல்லுக்கும் வராது. இதற்கு வந்திருந்தது. முன்னும் பின்னும் சுட்ட, அளவு தெரிந்த இரும்புத் தகடு சரியாகவே வந்ததால் இயந்திரத்தின் மேல் பழிபோட வழியில்லை. கையுறை கிழிந்து தன் ரத்தம் ஒட்டியிருக்குமோ?

ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். விரலைக் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் காயவைத்துத் துகளின் பக்கத்தில் வைத்தாள். தகடு, துகள், ரத்தம் மூன்றையும் மாறி மாறிச் சுடும்படி இயந்திரத்துக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

டக். டக். டக்.

தகடு சரி.

துகள், மறுபடியும் ரத்தம்.

அவளுடைய ரத்தத்துக்கோ விண்கல்லின் கணக்கு. அச்சு அசல்.

எழுந்துவிட நினைத்தாள். கால்கள் கனத்தன. மணிக்கட்டில் சுரீரென்று ஏதோ கடித்தது. சிவப்புப் பொத்தானை ஓங்கி அழுத்தினாள். லேசர் அணைந்தது.

டக்.

அணைந்த பிறகும்.

போக வேண்டும். தம்பி வீட்டுக்குப் போக வேண்டும். பசங்க வாசலில் நிற்கிறார்கள்.

விளக்குகள் அணைந்தன. கையை ஆட்டினாள். எரியவில்லை. இரண்டு கைகளையும் வீசி ஆட்டினாள். விளக்குகளுக்கு அங்கே யாருமில்லை.

போன் அடித்தது. எப்படியோ எடுத்தாள்.

"அக்கா? அக்கா, பேசு. கோவமா?"

வாயைத் திறந்தாள். நாக்கில் பொடி. குரல் வரவில்லை.

"சரி, மெதுவா வா. நாங்க சாப்பிடாம இருக்கோம்."

திரை வெளிச்சத்தில் துகள் சிவந்து, ஈரமாக, மெல்ல விம்மி விம்மி அடங்கியது. அதே வெளிச்சத்தில் அவள் தன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை, லேசர் போடும் அதே ஒழுங்கான வரிசையில், வட்ட வட்டமாகக் குழிகள். ரத்தமில்லை. ஒவ்வொன்றிலிருந்தும் கறுப்புத் தூள் உதிர்ந்துகொண்டிருந்தது.

டக்.

அடுத்த குழி விழுந்தது.