மேகந்தின்னி தூங்கிவிட்டது

மூன்றாம் அத்தியாயம் முடிந்தும் மேகந்தின்னி கண் விழிக்கவில்லை. கடுகுக்குக் கோபம் தலைக்கேறியது.

பத்து வயதுதான் அவளுக்கு. சட்டென்று பொரிந்துவிடுவாள் என்பதால் வீட்டில் அந்தப் பெயர். இன்று அவள் பொரிவதற்கு நியாயம் இருந்தது.

‘மேகந்தின்னி’ என்ற முதல் புத்தகத்தை அவளும் தம்பியும் அட்டை கிழியும்வரை படித்திருந்தார்கள். மேகங்களை மென்று வாழும் அந்தப் பெரிய விலங்குக்கு இடிச்சத்தம் என்றால் நடுக்கம். கடைசிப் பக்கத்தில் அது இடிமலையின் வாசலில் வந்து நிற்கும். மீதிக் கதை இரண்டாம் புத்தகத்தில் என்று போட்டிருந்தது.

அந்த இரண்டாம் புத்தகம்தான் இப்போது அவள் மடியில் இருந்தது. மேகந்தின்னி ஏதோ ஒரு குகையில் குறட்டை விட, அமைச்சர்கள் பாலம் கட்டுவதைப் பற்றிப் பேசினார்கள். பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். கடைசி அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்தாள். அங்கும் பாலம்தான்.

படாரென்று புத்தகத்தை மூடினாள்.

தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே அம்மா கேட்டாள். "புத்தகம் உன்னை என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணுமே பண்ணலம்மா, அதான் பிரச்சினை. இடிமலையையே மறந்துட்டாரு இந்த மனுஷன். எழுதும்போது அவரும் தூங்கிட்டாரு போல."

"தம்பிகிட்ட சொல்லி வைக்காத. நாளைக்குக் கட்டுப் பிரிக்கணும்."

அதுதான் சிக்கல். சைக்கிளிலிருந்து விழுந்த தம்பியின் காலில் மாவுக்கட்டு. அதைப் போட்ட அன்று, வேறொரு பையனின் கட்டை வெட்டிய இயந்திரத்தின் சத்தத்தை அவன் கேட்டுவிட்டான். "நான் வரமாட்டேன்" என்று அப்போதே அறிவித்தாயிற்று. ஆறு வயதுக்காரன், எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். "மேகந்தின்னி இடிமலைக்குள்ள எப்படிப் போச்சுன்னு படிச்சுக் காட்டு. அப்புறம் யோசிக்கிறேன்" என்பது அவன் நிபந்தனை.

"அக்கா, வர்றியா இல்லையா?" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

கடுகு அவன் கட்டிலில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். அமைச்சர்கள் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"இடிமலை வாசல்ல மேகந்தின்னி நின்னுச்சு. காலு நாலும் வெடவெடன்னு ஆடுச்சு. இடி 'டமார்'னு கத்துச்சு. மேகந்தின்னி கண்ணை இறுக்கி மூடிக்கிச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு வாலைத் தடவிப் பாத்துச்சு. இருந்துச்சு. காதைத் தடவிப் பாத்துச்சு. அதுவும் இருந்துச்சு."

"அப்போ இடி கடிக்கலையா?"

"அதுக்கு ஏதுடா பல்லு? வெறும் தொண்டைதான்."

தம்பி சிரித்தான். பிறகு சந்தேகத்தோடு எட்டிப் பார்த்தான். "நீ பக்கத்தைத் திருப்பவே இல்லையே?"

"இது கொஞ்சம் பெரிய பக்கம்டா" என்றபடி கடுகு அவசரமாகத் திருப்பினாள்.

மறுநாள் மருத்துவமனையில் செவிலியர் இயந்திரத்தை முடுக்கியதும் தம்பி அக்காவின் கையைப் பற்றிக்கொண்டு கண்களை இறுக மூடினான். சற்று நேரம் கழித்து ஒரு கண்ணைத் திறந்தான். கால் கட்டைவிரலை மெல்ல அசைத்துப் பார்த்தான். இருந்தது.

"வெறும் தொண்டைதான்" என்றான்.

செவிலியர் புரியாமல் விழித்தார். மேகந்தின்னி இரண்டாம் புத்தகத்தில் அப்படி வருகிறது என்று அவன் விளக்கினான்.

"அதை என் பொண்ணுக்கு நானும் படிச்சுக் காட்டினேனே, கண்ணு. ஒரே பாலமால்ல இருந்துச்சு? பாதியில நானே தூங்கிட்டேன்."

கடுகு தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள்.

"நீங்க படிச்சா அப்படித்தான் இருக்கும்" என்றான் தம்பி. "எங்க அக்கா படிச்சுக் கேக்கணும்."