மாற்றாத கடவுச்சொல்

தம்பியின் புகைப்படப் பக்கத்தில் ஒரு படம் இடம் மாறியிருந்தது. கடைசியில் இருந்த கடற்கரைப் படம் முதலில் வந்து உட்கார்ந்திருந்தது.

அக்காவுக்கு முதலில் வந்தது பயமல்ல, சந்தோஷம். அவன் இறந்த பிறகு அவளைத் தவிர அந்தப் பக்கத்தை எட்டிப் பார்க்க ஆளில்லை. யாரோ வந்திருக்கிறார்களே!

இணையதளங்களுக்கு சர்வர் வாடகைக்கு விடும் நிறுவனத்தில் அவளுக்கு வாடிக்கையாளர் உதவிப் பிரிவு, வீட்டிலிருந்தே வேலை. அங்கே புது சர்வர் எல்லாமே ஒரே கடவுச்சொல்லோடுதான் கைக்கு வரும். "முதல்ல அதை மாத்துங்க" என்று நாள் முழுக்க ஊராருக்குச் சொல்லுவாள். தம்பி அங்கே வாடகைக்கு எடுத்து அமைத்துவிட்டுப் போன சர்வரின் கடவுச்சொல்லில் மட்டும் கை வைக்க மனம் வரவில்லை.

வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஃபிரிட்ஜ் முனகி அடங்கியது. பூட்டிக் கிடந்த தம்பியின் அறையிலிருந்து ஈரத்துணியும் தூசியும் கலந்த வாடை கூடம்வரை மெல்ல நகர்ந்து வந்தது. திரையில் இன்னொரு படம் இடம் மாறியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

அலுவலகத்தில் இருந்த பொறியாளருக்குப் போன் போட்டாள்.

"என் தம்பி சர்வர்ல யாரோ இருக்காங்க. எங்கேருந்துன்னு பாருங்களேன்."

அவர் தேடிப் பார்த்துவிட்டு, "மேடம், உங்க வீட்டு இணைப்புலேருந்துதான் வந்திருக்காங்க. வீட்ல வேற யாரு இருக்கா?"

"யாரு இருக்கா? நான் ஒருத்திதான்."

"மொதல்ல பாஸ்வேர்டை மாத்துங்க."

தப்புத் தப்பாக அடித்து, ஒருவழியாக மாற்றினாள். "மாத்திட்டேன். போயிடுவாங்கல்ல?"

அவர் தயங்கினார். "புதுசா யாரும் வர முடியாது. ஏற்கெனவே உள்ள இருக்கறவங்க... இருப்பாங்க."

போன் துண்டானது.

திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக முளைத்தன.

*அக்கா, பூட்டிட்டியா?*

பூட்டிய அறைக்குள் தட்டும் சத்தம். எழுத்துக்கு ஒரு தட்டு.

வாசலுக்கு ஓடியிருக்கலாம். அக்கா என்று அவளைக் கூப்பிட இந்த வீட்டில் ஆளில்லாமல் எத்தனை காலம்! கால்கள் அறைப்பக்கம் போயின.

"தம்பி? நீயாடா?"

தட்டல் நின்றது. திரும்பித் திரையைப் பார்த்தாள்.

*அவன் இல்ல.*

கதவடி இடுக்கில் விரல்கள் தெரிந்தன. வெளுத்தவை. ஈரமானவை. அவள் பாதத்தை நோக்கி நீண்டன. மூட்டுக்கு மேல் மூட்டு. இன்னொரு மூட்டு. உள்ளங்கை மட்டும் இன்னும் வெளியே வரவில்லை.