ஒற்றைப்படைப் பெட்டிகள்

பிற்பகல் 1.45. ஏழாம் எண் குளிர்பெட்டியைத் திறந்த காவல்காரம்மாவின் முகத்தில் குளிர்காற்று அடிக்கவில்லை. உள்ளே நாலாயிரம் குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்து வெதுவெதுப்பாகக் கிடந்தது. 3.00 மணிக்கு அவர் கையில் பணிநீக்கக் கடிதத்தைத் திணித்தார்கள். எச்சரிக்கை வந்தும் கவனிக்காமல் தூங்கினாராம்.

4.10. பத்து வருடம் நெட்வொர்க் வேலை பார்த்துவிட்டுக் காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்து, மருந்து இழப்பை விசாரிக்க வந்த ஆய்வாளர், வாசலில் பையோடு நின்ற அந்த அம்மாவிடம் கடிதத்தை வாங்கிப் படித்தாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினெட்டு வருட வேலையைப் பறிக்க இவர்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் போதுமாக இருந்திருக்கிறது.

"அக்கா, அலாரம் அடிச்சுதா?"

"இல்லம்மா. மேஜைத் திரையில பன்னெண்டு பெட்டியும் பச்சையாத்தான் இருந்துது. மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா நேர்ல போய்த் தொட்டுப் பாப்பேன். அப்பதான் தெரிஞ்சுது."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"நெட்வொர்க் சார்கிட்ட. ஓட்டமா கிடங்குக்குப் போனாரு. திரும்பி வந்து என்னையே ஏசினாரு."

கிடங்கு தெருவுக்கு அந்தப் பக்கம், அலுவலகம் இந்தப் பக்கம். செய்தி கடக்க இரண்டு வழிகள்: தெருவுக்கு அடியில் கேபிள், கூரைக்குக் கூரை ஆன்டெனா. எந்தச் செய்தி எந்த வழியில் போக வேண்டும் என்பதை இரு பக்கமும் உள்ள ரூட்டர்கள் தீர்மானிக்கும். தெருவின் நடுவில் ஒரு குழி. அதில் கேபிள் அறுந்து கிடந்தது.

"காலைல பத்து இருபத்தஞ்சுக்கு மெஷின் இழுத்துருச்சு," என்றார் குழி தோண்டியவர். "இன்னும் ஒட்ட ஆள் வரல."

4.30. நெட்வொர்க் பொறுப்பாளர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"லைன்ல கோளாறு?"

"கிடையாது. பாருங்க, ஏழாம் பெட்டி இப்பவும் பேசுது."

"ரூட்டர்ல இன்னைக்குக் கை வெச்சீங்களா?"

"ஒரு மாசமா யாரும் தொடல. பாஸ்வேர்டு என்கிட்ட மட்டும்தான் இருக்கு."

ஒவ்வொரு பெட்டியும் பத்து நிமிடத்துக்கொரு முறை தன் வெப்பநிலையைச் சொல்லும். அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கினாள். இரட்டைப்படைப் பெட்டிகள் ஒருமுறைகூடத் தவறவில்லை. ஒற்றைப்படைப் பெட்டிகள் 10.20க்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. 2.10க்கு ஆறும் ஒன்றாக வாய் திறந்திருந்தன. புதுச் செய்தி வராதவரை பழைய பச்சையையே காட்டும் புத்திசாலித் திரை அது.

4.55. மேலாளரின் அறைக்குப் பொறுப்பாளரையும் காவல்காரம்மாவையும் வரவழைத்தாள்.

"கூரை வழியை ரூட்டர்கள் தாங்களே பேசிக் கத்துக்குது. எதிர்ப்பக்கத்துலேருந்து பதில் வரலன்னா நிமிஷத்துல அந்த வழியை விட்டுடும். கேபிள் வழி இவர் கையால எழுதினது. நடுத்தெருவுல அறுந்தா அதுக்குத் தெரியாது. ரெண்டுக்கும் சரிபாதி பங்கு குடுத்திருக்கார். இரட்டைப்படைப் பெட்டிக்கு எப்பவும் கூரை, ஒற்றைப்படைக்கு எப்பவும் கேபிள். ஏழாம் பெட்டி பதினொண்ணு பத்துக்குக் கத்தினது அதோட சொந்தப் பதிவுல இருக்கு. அந்தக் கத்தல் குழிக்குள்ள போச்சு."

"அப்போ கேபிளை அறுத்தவன் மேல தப்பு," என்றார் மேலாளர்.

"கேபிள் இன்னும் அறுந்துதான் கிடக்கு சார். அப்புறம் எப்படி ரெண்டு பத்துக்கு ஒற்றைப்படைப் பெட்டி பேசுச்சு?"

பொறுப்பாளரின் கால் கீழே இறங்கியது.

"கையால எழுதினது தானா விலகாது. கையாலதான் அழிக்கணும், அழிச்சாத்தான் எல்லாம் கூரை வழியா போகும். பாஸ்வேர்டு போடுங்க சார்."

போட்டார். கடைசி மாற்றம்: இன்று, 2.06.

"தப்பு யாருக்கும் வரும். எனக்கும் வந்திருக்கு. ஆனா ரெண்டு ஆறுக்கே உங்களுக்கு உண்மை தெரியும். தெரிஞ்சும் மூணு மணிக்கு, இவங்க தூங்கினாங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. வெட்கமா இல்ல?"

மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு கடிதத்துக்குக் கை நீட்டினார். காவல்காரம்மா தரவில்லை. நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"இது என்கிட்டயே இருக்கட்டும் சார். இப்ப மணி அஞ்சேகால். நாலே முக்காலுக்கு நான் ரவுண்டு போயிருக்கணும். என்னை வாசல்ல நிறுத்தினீங்களே, மத்த பதினோரு பெட்டியை உங்கள்ல யாராவது போய்த் தொட்டுப் பாத்தீங்களா?"

காவல்காரம்மா மேஜைமேல் கிடந்த கிடங்குச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார்.