காதுக்குள் ஒரு வகுப்பு

பள்ளிக்கூடம் இன்றைக்கும் கிடையாது என்று போனில் செய்தி வந்தபோது, பெரியவள் உறைந்துபோன சமையலறைக் குழாயை வெந்நீர்த் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். குளிர்காலம் தொடங்கியதிலிருந்து இதே கதைதான். பனி கொட்டினால் பள்ளிக்கூடத்தை மூடுவார்கள். இரண்டு நாள் திறப்பார்கள். அதற்குள் வகுப்பைச் சூடாக்குகிற குழாய் வெடிக்கும், மறுபடியும் மூடுவார்கள். காலையில் பிள்ளைகளுக்குச் சீருடையை மாட்டுவதா, மாட்டியதைக் கழற்றுவதா என்றே தெரியாது. வீட்டில் யாருக்கும் ஓரிடத்தில் உட்காரப் பொறுக்கவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போவதும், திரும்பி வருவதும், போனைப் பார்ப்பதுமாகப் பொழுது கழிந்தது.

சின்னவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கொழுந்தனின் மனைவி. மருந்துக்கடைக் கல்லாவில் வேலை. இந்த நேரத்துக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடுகிறவள், இன்று வீட்டுச் சட்டையோடு நின்றாள்.

"நீங்க இன்னைக்குக் கஷ்டப்பட வேணாம்க்கா. நான் லீவு சொல்லிட்டேன். எம் புள்ளைக்கு நானே சொல்லிக் குடுத்துக்கறேன்."

பெரியவள் துணியை எடுக்கவில்லை. "எனக்கென்ன கஷ்டம்? ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே உக்காந்து..."

"ஒண்ணாத்தான் உக்காந்தாங்க. ஒண்ணாப் படிச்சாங்களான்னுதான் தெரியல."

குழாய் ஒரு முறை இருமியது. தண்ணீர் வரவில்லை.

"போன வாரம் ஸ்கூலு திறந்தப்ப என்ன நடந்துச்சுன்னு டீச்சர் நேத்துதான் போன் பண்ணிச் சொன்னாங்க. எந்திரிச்சுப் படின்னு சொன்னதுக்கு, எம் புள்ள நேரா டீச்சர்கிட்ட போயி, அவங்க காதுல வாய வச்சு முணுமுணுத்துச்சாம். கிளாஸே சிரிச்சிருக்கு. அப்புறம் வாயத் திறக்கவே இல்லையாம். 'வீட்ல யாராவது மிரட்டுறாங்களா? புள்ள எதுக்கோ பயப்படுது'ன்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்... உங்க பையன் மட்டும் அவன் கிளாஸ்ல கணீர்னு படிச்சானாமே?"

"அவன் போன வருஷமே படிக்கக் கத்துக்கிட்டவன். இவ இந்தக் குளிர்லதான் எழுத்தே..."

"அதான் கேக்குறேன். என்னத்தக் கத்துக் குடுத்தீங்க?"

வாய் வரைக்கும் வந்த பதிலைப் பெரியவள் விழுங்கினாள். சொல்லியிருந்தால் அந்த நிமிடமே முடிந்திருக்கும். சொல்ல முடியாது. வாக்குக் கொடுத்திருந்தாள்.

மாமியார் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். அவளுக்குக் காது மந்தம். "என்னவாம் சின்னவளுக்கு?"

"ஒண்ணுமில்ல அத்தை. புள்ளையக் கூட்டிக்கிட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போலாம்னு இருக்கேன். குளிர் முடியுற வரைக்கும். அப்புறமா தனியா ஒரு வீடு பாத்துக்கறோம்."

"எங்க போற?"

சின்னவள் மறுபடி சொல்லவில்லை. பெரியவளுக்கு அது போதுமான சத்தத்தில் கேட்டுவிட்டது.

சின்னவளின் மகள் குண்டூசி, பிறந்த வாரத்திலிருந்து பெரியவள் மடியில் வளர்ந்த பிள்ளை. ஒல்லிக்குச்சி உடம்பும் பெரிய தலையும் பார்த்து அவள்தான் அந்தப் பெயரை வைத்தாள். இப்போது அந்தப் பிள்ளையை அவளிடமிருந்து பெயர்த்து எடுக்கப்போகிறார்கள், மிரட்டினாள் என்று சொல்லி.

இந்தப் பிள்ளைகளுக்காகத்தான் அவள் லாண்டரி வேலையை விட்டாள். ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற இடம். நீராவியில் முகம் வேகும், கால் ரெண்டும் மரத்துப்போகும். ஆனாலும் அங்கே அவள் ஒரு ஆள். பள்ளிக்கூடம் முதல்முறை மூடியபோது, பிள்ளைகளை யார் பார்ப்பது என்று வீட்டில் யாரும் கேட்கவே இல்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். புருஷன் சாலையில் பனி தள்ளுகிற வண்டி ஓட்டுகிறான், வீட்டுக்கு வந்தால் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சாய்ந்துவிடுவான். சின்னவளின் கடையில் குளிர்காலத்தில்தான் கூட்டம். பெரியவள் போய்ச் சொன்னதும் லாண்டரி மேஸ்திரி, "சரி, புள்ளைங்கதான் முக்கியம்" என்றான். மறுநாளே அவள் மேஜையில் வேறொருத்தி நின்றாள்.

வெளிக்கதவு திறந்தது. கொழுந்தன் உள்ளே வந்தான். தலையெல்லாம் மரத்தூள், அதன்மேல் பனி. மரம் அறுக்கும் மில்லில் ராத்திரி வேலை. யார் முகத்தையும் பார்க்காமல் இரண்டு வாய் தின்றான். கூடத்தில் ஹீட்டருக்குப் பக்கத்தில், திரை கட்டிய மூலையில் போய்ப் படுத்துக்கொண்டான். வீட்டில் சூடு இருப்பது அந்த ஒரு கூடத்தில் மட்டும்தான். மற்ற அறைகளில் தண்ணீர்க் குவளையில் பனி ஆடை கட்டிக் கிடந்தது. பிள்ளைகள் படிக்க வேண்டியதும் அதே கூடத்தில்தான்.

சின்னவள் பிள்ளைகளை மேஜையில் உட்கார வைத்தாள். பெரியவள் சமையலறையில் அதே பாத்திரத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"எங்க, இதப் படி பாக்கலாம்." கடையில் வரிசையில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற குரல்.

குண்டூசி புத்தகத்தைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள்.

"அங்க என்னடி பார்வை? இங்க பாரு. ம்... சத்தமா."

"சித்தி, மெதுவா," என்றான் பெரியவளின் பையன். அவனை வாலு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். இன்று வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நாங்க இப்படிப் படிக்க மாட்டோம்."

"பின்ன எப்படிப் படிப்பீங்க?"

அவன் நாற்காலியிலிருந்து இறங்கிக் கூடையை இழுத்து வந்தான். உள்ளே சாக்ஸ். சின்னதும் பெரிதுமாக, ஜோடி ஜோடியாகச் சுருட்டியது. "இது கணக்கு. கீழ விழுந்தாலும் சத்தம் வராது. எழுத்துன்னா உள்ளங்கையில. படிக்கிறதுன்னா காதுல."

"என்ன கண்றாவிடா இது?" சின்னவள் மேஜையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். "புள்ளைய ஊமையாக்கி வச்சிருக்காங்க. குண்டூசி, வாயத் திற. திறந்து படி..."

பிள்ளை பாய்ந்து வந்து தன் சின்னக் கையால் தாயின் வாயைப் பொத்தியது.

சின்னவள் அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். "என்னடி பண்றே? யார் உன்ன இப்படிப் பயமுறுத்தி வச்சது? பெரியம்மாவா? சொல்லு, பெரியம்மாவா?"

குண்டூசி அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையும் சத்தமில்லாமல் வந்தது. தோள் மட்டும் குலுங்கியது. அதைப் பார்க்கத் தாங்காமல் பெரியவள் துணியோடு கூடத்துக்கு வந்துவிட்டாள்.

"அப்பா தூங்கணும்," என்றது பிள்ளை, மூச்சுக்காற்றில். "தூங்காத ஆளுங்க கையத்தான் ரம்பம் கடிக்கும். ஒரு வாட்டி அப்பாவக் கடிக்க வந்துச்சு."

சின்னவள் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு பெரியவளைப் பார்த்தாள். "என்ன ரம்பம்? என்ன சொல்றா இவ?"

திரை விலகியது. கொழுந்தன் எழுந்து உட்கார்ந்திருந்தான். கண்கள் செக்கச்செவேலென்று இருந்தன.

"அண்ணிய விடு. எல்லாம் என்னாலதான்."

"என்ன உங்களால?"

"குளிர் ஆரம்பிச்ச புதுசுல... மரத்தத் தள்ளிக்கிட்டே கண்ணு சொருகிடுச்சு. கையுறை நுனிய ரம்பம் இழுத்துச்சு. எப்படியோ கையப் பிடுங்கிட்டேன். உறைதான் போச்சு." அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "மேஸ்திரி பாக்கல. வீட்டுக்கு வந்து பின்வாசல் படியில நடுங்கிக்கிட்டு உக்காந்திருந்தப்ப அண்ணிதான் பாத்தாங்க. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். நீ மில்லு வாசல்ல போய் நின்னு சண்டை போடுவ. வேலை போயிடும்."

சின்னவள் அவன் கையைப் பிடித்தாள். விரல் விரலாகத் தடவினாள், இன்னும் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கிறவளைப்போல. தடவி முடித்ததும் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. இந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல. நான் யாரு இந்த வீட்ல, வாடகைக்கு இருக்குறவளா?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. பெரியவளுக்கு அது சுருக்கென்று தைத்தது.

"சொல்லியிருக்கணும்தான்," என்றாள். "புள்ளைய மிரட்டினேன்னு சொன்னியே, அதுவும் நிஜம்தான். ரம்பம் கடிக்கும்னு நான்தான் சொன்னேன். வேற என்ன சொல்லி ரெண்டு வாண்டுங்கள நாள் பூராச் சத்தம் போடாம வச்சிருக்க முடியும்? நீயே சொல்லு. ஆனா என் புள்ளைக்கு ஒண்ணு, உன் புள்ளைக்கு ஒண்ணுன்னு நான் பாத்தேன்னு சொன்ன பாரு..."

கையிலிருந்த துணியை மேஜையில் போட்டாள். "உன் புருஷன் ரெண்டு கையோட வீடு திரும்பணும்னுதான்டி இந்த வீட்ல இருமக்கூடப் பயந்தேன். கரண்டி கீழ விழுந்தா எனக்கு உயிர் போயி உயிர் வரும்... விடு. கூட்டிக்கிட்டுப் போ. உன் புள்ள. நான் பெத்தேனா?"

ஆணியிலிருந்து கோட்டை உருவிக்கொண்டு வெளியே நடந்தாள்.

தெருவில் ஆளில்லை. எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. லாண்டரி பக்கம் பத்து எட்டு நடந்தாள், நின்றாள். திரும்பி எதிர்ப்பக்கம் நடந்தாள். அங்கேயும் போக ஒன்றுமில்லை. வந்து வாசல் படிக்குக் கீழே, பனியைத் தள்ளி ஒதுக்கிய குவியலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். அழுகை வரவில்லை. மூக்கு மட்டும் ஒழுகியது.

கதவு திறந்தது. சின்னவள் வெறுங்காலோடு இறங்கி வந்தாள்.

"உள்ள வாங்கக்கா."

"நீ போ. கால் விறைச்சிடும்."

"விறைக்கட்டும்." அவள் நகரவில்லை. "அவரப் பகல் ஷிப்டுக்கு மாத்திக் கேக்கச் சொல்லிட்டேன். சம்பளம் குறையுமாம். குறைஞ்சுட்டுப் போகட்டும். குடுக்கலன்னா அந்த வேலையே வேணாம்."

"மில்லு வாசல்ல போய் நிக்காத."

"நிக்க மாட்டேன்." சின்னவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நிக்கணும்னுதான் இருக்கு. கடையில பேசி, ஒருநாள் விட்டு ஒருநாள் போறேன். நீங்க லாண்டரிக்குப் போய்க் கேட்டுப் பாருங்க."

"கேட்டா உடனே தூக்கிக் குடுத்துடுவாங்களாக்கும்."

"கேக்காம இருந்தா மட்டும் குடுத்துடுவாங்களா?"

சின்னவளின் பற்கள் அடித்துக்கொண்டன. பெரியவள் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டாள், அதட்டலோடு. "போர்த்திக்கோ. இதுல ஜுரம் வேற வந்தா உன்னையும் நான்தான் பாக்கணும்."

சின்னவள் அவள் தோளில் முகத்தைப் புதைத்தாள். "தப்பாப் பேசிட்டேன்க்கா... டீச்சர் சொன்னதும் எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு."

பெரியவள் அவளைத் தள்ளவும் இல்லை, அணைக்கவும் இல்லை. வேறொன்று கேட்க வேண்டியிருந்தது. அதைக் கேட்கத்தான் பயமாக இருந்தது.

"புள்ள... உங்க அம்மா வீட்டுக்கா?"

சின்னவள் தலையைத் தூக்கினாள். படியேறிக் கதவைத் தள்ளி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"குண்டூசி, பூட்ஸ மாட்டிக்கிட்டு வெளிய வா. பெரியம்மா தனியா நிக்கிறாங்க பாரு."

உள்ளே நாற்காலி தடாலென்று விழுந்தது. பூட்ஸை இடதும் வலதும் மாற்றிப் போட்டுக்கொண்டு பிள்ளை ஓடி வந்தது. பெரியவள் குனிந்து வாரித் தூக்கினாள். கம்பளிச் சட்டையும் பூட்ஸுமாகப் பிள்ளை நன்றாகவே கனத்தது. அவள் இறக்கிவிடவில்லை. அதன் கழுத்துத் துண்டில் முகத்தை அழுத்திக்கொண்டு, அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள்.